ஓடைமங்கலத்துக் கிணறு குடிவந்த வீடு

ஓடைமங்கலத்துக் கிணறு தன் ஊரைவிட்டுக் கிளம்பி, கருவேலங்காட்டைக் கடந்து, பைபாஸ் சாலையின் ஓரமாகவே நடந்து வந்து, ஆவடிக்கு அப்பால் இருக்கும் பொன்மாலை என்க்ளேவ் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி ஏறி, திலகவதியின் சமையலறையிலிருந்த வாட்டர் டிஸ்பென்சருக்குள் குடிபுகுந்தபோது, திலகவதி அதே சமையலறையில்தான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததெல்லாம் 'களக்' என்ற ஒரு சத்தம்தான். கேனுக்குள் காற்று ஏறும்போது வழக்கமாக வருகிற சத்தம் என்று நினைத்து அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த டிஸ்பென்சரை அவள் லேசில் வாங்கிவிடவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது சமையலறை வேலை என்றும் சமையலறை வேலை பெண் வேலை என்றும் அவள் கணவன் எத்திராஜ் முடிவுசெய்து வைத்திருந்ததால், தூக்கித் தூக்கி அவள் முதுகுத்தண்டில் வட்டு விலகிவிட்டது. இனிமேல் கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் எத்திராஜ் கேனைத் தொடவில்லை. ஒரு மிஷின் வாங்கிவிடலாம் என்றான். திலகவதி கடைகடையாக ஏறி இறங்கினாள். உள்ளே இருக்கும் தொட்டி பிளாஸ்டிக்காக இருந்தால் வெந்நீரில் வாடை வரும், ஆகவே எவர்சில்வர்தான் வேண்டும். கம்ப்ரசர் இல்லாத மிஷின் சித்திரை வெயிலில் தண்ணீரைக் குளிர வைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேனைத் தூக்கி மிஷினின் தலையில் கவிழ்க்காமல் கீழே கதவைத் திறந்து உள்ளே நகர்த்தி வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். இவ்வளவையும் கேட்டவள் அவள். கடைக்காரனோ ஒவ்வொரு பதிலையும் கூட வந்த எத்திராஜின் முகத்தைப் பார்த்தே சொன்னான். கடைசியில், "மேடத்துக்கு என்ன கலர் புடிக்கும் சார்?" என்றும் அவனிடமே கேட்டான். திலகவதி அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டாள். அவளுடைய கோபங்கள் எல்லாமே அப்படித்தான் உள்ளே இறங்கி, எங்கேயோ ஆழத்தில் போய்த் தங்கிவிடும்.

வாங்கிய பிறகு அதை அவள் பார்த்துக்கொண்ட விதத்தை அந்த பிளாக் முழுவதும் பேசியது. வெயில் படாத மூலையில், பின்பக்கம் காற்றுப்போக சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். புதுக் கேன் வந்தால் அதன் கழுத்தை வெந்நீரில் நனைத்த துணியால் துடைக்காமல் உள்ளே விடமாட்டாள். சொட்டுகிற தண்ணீர் விழும் தட்டைத் தினமும் கழுவினாள். பச்சை பிடிக்கும் முன்பே மின்சாரத்தை நிறுத்தி, தொட்டியை வடித்து, எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீரை உள்ளே விட்டு அலசி எடுத்தாள். கோயிலில் மூலவருக்குக்கூட இவ்வளவு அபிஷேகம் கிடையாது என்று எத்திராஜ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

பொன்மாலை என்க்ளேவின் ஆழ்துளைக் கிணற்றில் வந்தது உப்புத்தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அதனால் எல்லா வீடுகளும் குடிக்க வாங்கியது நீலவேணி குடிநீர்தான். அந்த கம்பெனியின் முதலாளி தீனதயாளன், பி பிளாக்கின் உச்சி மாடியில் குடியிருந்தார். குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும் அவரே. எப்போதும் வெள்ளைச் சட்டை, எப்போதும் கும்பிட்ட கை.

கிணறு வந்த அன்றே, தோசை ஊற்றி முடிப்பதற்குள் காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால் மாடிப்படி நெடுகப் பெண்கள், இடுப்பில் பிளாஸ்டிக் குடங்கள். கால்களில் முழங்கால்வரை புழுதி. முன்னால் நின்றவள் பெயர் பச்சையம்மா. அகலமான முகமும் உரத்த குரலும் கொண்டவள். ஓடைமங்கலத்தில் கீரை போட்டு விற்றுக்கொண்டிருந்தவள், இப்போது கீரைக்குத் தண்ணீர் இல்லாமல் சும்மா இருப்பவள்.

"எங்க கெணறு உங்க வூட்டுக்கு வந்துகிதும்மா," என்றாள். "வழி நெடுக ஈரம். அத்தப் புடிச்சிக்கினே வந்தோம்."

வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று திலகவதி சொன்னாள். பச்சையம்மா வாதாடவில்லை. திலகவதியின் தோளுக்கு மேலாகச் சமையலறையைப் பார்த்து, அந்த மிஷினின் கீழ்க்கதவை ஒருமுறை திறந்து பார்க்கச் சொன்னாள்.

திறந்தாள். கேன் இல்லை. அந்த இடத்தில் கருங்கல் அடுக்கிய வட்டச் சுவர் கீழே கீழே இறங்கிப் போனது. கல்லிடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தது. எங்கோ அடியில் கொஞ்சம் தண்ணீர், அதில் ஒரு துண்டு வானம். ஒரு புறா படபடவென்று வெளியே வந்து ஜன்னல் வழியே பறந்து போனது. திலகவதிக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்ட பொருளுக்குள் இவ்வளவு பாசியா என்று அவள் கத்தினாள். பச்சையம்மா அதை ஒப்புக்கொண்டாள். வருடா வருடம் கோடையில் ஊரே இறங்கித் தூர் வாருவது வழக்கம் என்றும், நீலவேணி கம்பெனிக்காரன் கிணற்றை ஒட்டிய நிலத்தை வாங்கி வேலி போட்ட பிறகு யாரையும் உள்ளே விடுவதில்லை என்றும், ஒன்றுக்கு மேல் ஒன்றாக அவன் போர் போட்டுக்கொண்டே போனதில் தண்ணீர் பாதாளத்துக்கு இறங்கிவிட்டது என்றும் சொன்னாள்.

"அதுக்கு மட்டும் மானம் ரோசம் இல்லியா? அதோட தண்ணி எங்க போச்சோ அங்கியே அதுவும் பொறப்பட்டு வந்துடிச்சி."

அவ்வளவுதான் விளக்கம். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. பச்சையம்மா ஜன்னல் கம்பியில் ஒரு ராட்டினத்தைக் கட்டினாள். பெண்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு, வாளியை உள்ளே விட்டு, தண்ணீர் சேந்தி, குடத்தை நிரப்பிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். அதற்கு மறுநாளும்.

என்க்ளேவ் அதைத் தனக்குத் தெரிந்த வழியில் ஏற்றுக்கொண்டது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுந்த பிரச்சினை படிக்கட்டு ஈரம். யாராவது வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று பேசி, குடத்தோடு லிஃப்டில் ஏறக்கூடாது, முன்வாசலில் வரக்கூடாது, குப்பை வண்டி வருகிற பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று ஒவ்வொன்றாக விதி போட்டார்கள். எல்லாவற்றுக்கும் கீழே தீனதயாளன் ஒரு கும்பிடு போட்டார். கிணறு எப்படி மூன்றாம் மாடிக்கு வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கிணறு இருக்கிற கட்டடத்தில் வீட்டு விலை ஏறுமா இறங்குமா என்று மட்டும் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

பிறகு ஏ பிளாக்கில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, நாக்கில் இனிப்பு நிற்கிறது என்றார். இன்னொரு வீட்டில் அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு ஒரே விசிலில் வெந்தது. அதற்குப் பிறகு படிக்கட்டு ஈரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பக்கெட், டிரம், குழந்தைகளின் வாட்டர் பாட்டில் என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு என்க்ளேவே திலகவதியின் வாசலில் நின்றது. குடியிருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை என்று வாட்ஸ்அப்பில் ஒரு விதி பிறந்தது. வெளியாட்கள் பத்து மணிக்கு மேல் வரலாம் என்றார்கள். ஓடைமங்கலத்துக்குத் திரும்பிப் போகும் பஸ் பத்து மணிக்கு முன்பே போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியாட்கள் என்று அவர்கள் சொன்னது கிணற்றுக்குச் சொந்தக்காரர்களை. அந்தப் பெண்கள் படியில் உட்கார்ந்து, தங்கள் வாளியாலும் தங்கள் கயிற்றாலும் மற்றவர்கள் தண்ணீர் சேந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திலகவதி துணி காயப்போட பால்கனிக்கு வந்தபோது, கீழே ஒருவன் அவள் வீட்டிலிருந்து சேந்திப்போன கிணற்றுத் தண்ணீரை டிரம்மிலிருந்து வாரி வாரி ஊற்றிக் கார் கழுவிக்கொண்டிருந்தான். டயரைக் கழுவினான், மிதியடியை அலசினான், மிச்சத்தைத் தரையில் கொட்டினான். அவனுக்குப் பத்தடி தள்ளி, காலிக் குடத்தோடு பச்சையம்மா நின்று அந்தத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது என்னவென்று திலகவதிக்குத் தெரியும், ஏனென்றால் கடைக்காரன் முன்னால், டாக்டர் முன்னால், எத்திராஜின் சிரிப்புக்கு முன்னால் தன் முகத்திலும் அதுவேதான் இருந்தது. இத்தனை வருடமாக விழுங்கியதெல்லாம் அந்த நிமிஷம் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தது.

அவள் உள்ளே போய், வரிசையில் நின்ற டிரம்களையும் பக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மாடிப்படியில் உருட்டிவிட்டாள். இனிமேல் ஓடைமங்கலத்துக்காரர்கள் எடுத்து முடித்து, மிச்சமிருந்தால்தான் மற்றவர்களுக்கு என்றாள். உங்கள் வீட்டு டிஸ்பென்சர் என்பதற்காகத் தண்ணீரும் உங்களுக்கே சொந்தமா என்று வங்கி அதிகாரி கேட்டார்.

"எனக்குச் சொந்தமில்ல சார். உங்களுக்கும் இல்ல. அதத்தான் சொல்றேன்," என்றாள் திலகவதி.

அன்றிலிருந்து எத்திராஜ் அவளிடம் பேசவில்லை. அதை அவள் ஒரு குறையாகவும் நினைக்கவில்லை.

ஆனால் கிணறு வற்றிக்கொண்டே போனது. வாய்தான் இங்கே வந்திருந்ததே தவிர அடி இன்னும் ஓடைமங்கலத்தில்தான் இருந்தது. அங்கே தீனதயாளனின் மோட்டார்கள் இரவும் பகலும் ஓடின. வாளி எட்டவில்லை என்று பெண்கள் கயிற்றோடு கயிறு முடிந்தார்கள், பிறகு கயிற்றோடு பழைய புடவையை முடிந்தார்கள். ஒரு குடம் சேந்துவதற்குள் தோள்பட்டை விட்டுப்போயிற்று.

அப்படி இருக்கும்போது ஒரு முகூர்த்த நாள் காலையில் தீனதயாளன் வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள் ஒரு மோட்டாரையும் நீளமான ரப்பர் ஹோஸையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது எத்திராஜ். கூரை போட்ட கார் பார்க்கிங் ஒன்றை ஒதுக்கித் தருவதாக ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். கேன் நீலவேணியுடையது, கேனுக்குள் இருப்பதும் நீலவேணியுடையது, ஆகவே மேடம் தவறாக நினைக்கக்கூடாது என்று தீனதயாளன் கும்பிட்டபடியே விளக்கினார். கல்யாண சீசன், எவ்வளவு எடுத்தாலும் போதவில்லை, ஊரில் ஒரு பக்கம் உறிஞ்சினால் இங்கே ஒரு பக்கம் உறிஞ்சலாம் என்றார். திலகவதி டிஸ்பென்சருக்கு முன்னால் போய் நின்றாள். எத்திராஜ் அவள் கையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினான். அந்தக் கையை அவள் உதறிய வேகத்தில் அவன் கைக்கடிகாரம் தெறித்து விழுந்தது.

தீனதயாளன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, மண்டியிட்டு, ஹோஸின் நுனியைத் தன் கையாலேயே பிடித்து, எவ்வளவு ஆழம் என்று பார்க்கத் தலையை உள்ளே நீட்டினார். பாசி வழுக்கியது. வெள்ளைச் சட்டை போனது, வேட்டி போனது, கடைசியாக இரண்டு பாதங்கள் போயின. வெகுநேரம் கழித்து அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

முதலில் ஓடிவந்து கயிற்றை இறக்கியது பச்சையம்மாதான். எட்டவில்லை. பெண்கள் தங்கள் முந்தானைகளைக் கிழித்து முடிந்தார்கள், திலகவதி பீரோவைத் திறந்து கல்யாணப் புடவையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாள். முடிய முடிய, தண்ணீரும் கீழே இறங்கியது. தண்ணீரோடு சேர்ந்து, நீந்திக்கொண்டே, தீனதயாளனும் இறங்கினார். அவர் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

"மோட்டார நிறுத்தச் சொல்லுங்க," என்று பச்சையம்மா எத்திராஜிடம் சொன்னாள். "அது ஓடற வரிக்கும் அவரு கீழதான் போவாரு."

கம்பெனியை அப்போது பார்த்துக்கொண்டிருந்தது தீனதயாளனின் ஒரே மகன் நிரஞ்சன். எத்திராஜ் அவனைக் கூப்பிட்டு, போனைக் கிணற்றுக்குள் கேட்கும்படி பிடித்தான். அப்பா கத்தியதை நிரஞ்சன் பொறுமையாகக் கேட்டான். அன்றைக்கு எத்தனை மண்டபங்களுக்குத் தண்ணீர் அனுப்ப வேண்டும் என்பதை எடுத்துச் சொன்னான். வேறு கம்பெனிக்காரன் காத்துக்கொண்டிருக்கிறான், ஒரு நாள் தவறினால் மொத்த ஆர்டரும் போய்விடும், இதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே அப்பா என்றான். "சாயங்காலம் லோடு முடிஞ்சதும் நானே நிறுத்திடறேன்பா. அதுவரைக்கும் கொஞ்சம் சமாளிங்க."

கிணற்றுக்குள் தண்ணீர் இன்னும் ஒரு முழம் இறங்கியது.

திலகவதி செருப்பை மாட்டினாள். மோட்டார் ஏற்றி வந்த வேன் கீழே நின்றிருந்தது. அவளும் பச்சையம்மாவும் இன்னும் சில பெண்களும் அதில் ஏறி ஓடைமங்கலத்துக்கு விடச் சொன்னார்கள். டிரைவர் மறுப்புச் சொல்லவில்லை. அவனும் அந்த ஊர்க்காரன்தான். விலகிய வட்டு ஒவ்வொரு பள்ளத்திலும் திலகவதியின் முதுகில் குத்தியது, குத்தக் குத்த அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கம்பெனி வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. வேலிக்கு அந்தப்பக்கம், கிணறு இருந்த இடத்தில் வெறும் பள்ளம். நிரஞ்சன் மரியாதையான பையன். ஆண்ட்டி என்று கூப்பிட்டு, நாற்காலி போடச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்றையும் நீட்டினான்.

"உங்க அப்பா செத்துக்கிட்டிருக்கார்," என்றாள் திலகவதி.

"புரியுது ஆண்ட்டி. நாலு மணிக்கு லோடு முடிஞ்சிரும்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். அறைந்துவிடுவாள் என்றுதான் பச்சையம்மா நினைத்தாளாம். அவள் அறையவில்லை. அவனைத் தாண்டிப் போய், சுவரிலிருந்த பெரிய இரும்புப் பெட்டியைத் திறந்து, மெயின் ஸ்விட்சின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் மொத்த பாரத்தையும் போட்டுக் கீழே இழுத்தாள். கேனைக்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன முதுகு அது. மோட்டார்கள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின. அந்த ஊரில் வருடக்கணக்காக யாரும் கேட்டிராத ஒரு அமைதி வந்தது, அதைக் கேட்டே வீடுகளிலிருந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். நிரஞ்சனும் அவன் ஆட்களும் ஸ்விட்சை நோக்கி ஓடிவந்தபோது, அதற்கு முன்னால் ஊர் நின்றது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான், நிரஞ்சன் லாரிகளைத் திருப்பி அனுப்பும்வரை நின்றார்கள்.

திலகவதியும் பச்சையம்மாவும் என்க்ளேவுக்குத் திரும்பியபோது பொழுது இன்னும் சாயவில்லை. சமையலறையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருளிலிருந்து ஒரு வழுக்கைத் தலை மேலே வந்தது, பிறகு முகம், பிறகு பாசி ஒட்டிய வெள்ளைச் சட்டை. டிஸ்பென்சரின் கீழ்க்கதவு வரைக்கும் தீனதயாளன் மிதந்து வந்து, விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். பச்சையம்மா குனிந்து அவருக்குக் கை நீட்டினாள்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "மோட்டார நிறுத்துனது யாரு?"

"நான்தான்," என்றாள் திலகவதி.

"யாரக் கேட்டு நிறுத்துனே?"

பச்சையம்மா நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ராட்டினத்தில் கயிற்றை மாட்டி, வாளியை அவர் தோளுக்குப் பக்கத்தில் இறக்கி, கொஞ்சம் அந்தாண்ட நகருங்க என்று சொல்லித் தண்ணீர் மொண்டாள். அடுத்தவள் வந்தாள், அதற்கடுத்தவள் வந்தாள். மோட்டார் ஓடாதவரை அவர் மூழ்கப்போவதில்லை, வழுக்குகிற பாசியில் ஒரு கை பிடிக்காமல் அவர் ஏறி வரப்போவதும் இல்லை. அந்த ஒரு கையை எந்தப் பெண்ணும் கொடுக்கவில்லை. எத்திராஜ் கொடுக்கப் போனான். திலகவதி அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஹாலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். தீனதயாளன் போலீஸ் என்றார், கோர்ட் என்றார். போலீஸும் வந்தது. கிணறு ஒரு ஸ்டேஷன் எல்லை, ஆள் இன்னொரு ஸ்டேஷன் எல்லை, இதில் எங்கே புகாரை எடுப்பது என்று யோசித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனது. என்க்ளேவ்காரர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். தலைவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். பரிதாபப்பட்டுக்கொண்டே, கூட்டம் குறைந்த நேரம் பார்த்து ஆளுக்கொரு பக்கெட் மொண்டுகொண்டும் போனார்கள்.

மறுநாள் நண்பகலில், விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போன பிறகு, மகன் பார்க்க வந்தானா என்று தீனதயாளன் திலகவதியிடம் கேட்டார். இல்லை என்றாள். அவர் இடுப்பிலிருந்து கம்பெனிச் சாவிக் கொத்தை எடுத்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல், விளிம்பில் வைத்தார். பச்சையம்மா சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்ட பிறகே அவருக்குக் கை கொடுத்தாள். அவர் எழுந்து, ஈர வேட்டியோடு, நன்றி என்றோ மன்னிப்பு என்றோ ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போனார். யாரும் அதை எதிர்பார்க்கவுமில்லை.

ஓடைமங்கலத்தில் வேலியைப் பிடுங்கிய வாரத்தில் கிணறு தன் இடத்துக்குத் திரும்பிப் போயிற்று. திலகவதி ஒருநாள் கீழ்க்கதவைத் திறந்தபோது காலிக் கேன் ஒன்றுதான் இருந்தது. அவள் மிஷினை நிறுத்தி, வடித்து, துடைத்து, அதற்குப் பிறகு அதில் எந்தக் கேனையும் வைக்கவில்லை. உப்புத்தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாள். எத்திராஜுக்கு அது பிடிக்கவில்லை. அவனுக்கு வேண்டிய கேனை அவனே தூக்கி வந்து ஹாலில் வைத்துக்கொண்டான்.

என்க்ளேவுக்குத் தண்ணீர் இல்லாமல் போய்விடவில்லை. நீலவேணி வண்டி நின்ற மறுவாரமே தேன்சுனை என்று ஒரு புது வண்டி வந்தது. சங்கம் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. எல்லோரும் தேன்சுனையை வாங்கி, கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா ஒருநாள் காலையில் திலகவதியைக் கூப்பிட வந்தாள். திலகவதி வைத்திருக்கும் அதே மாடல் டிஸ்பென்சரைத் தானும் வாங்கியிருப்பதாகவும், எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்லித்தர வேண்டும் என்றும் கேட்டாள். திலகவதி போனாள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னாள், வெயில் படுகிறது, அந்த மூலைக்கு மாற்றுங்கள் என்றாள், எலுமிச்சம்பழம் எவ்வளவு பிழிய வேண்டும் என்று காட்டினாள். கேனின் கழுத்தைத் துடைப்பதற்காகக் குனிந்தபோது, அதில் ஒட்டியிருந்த தேன்சுனைச் சீட்டில், தண்ணீர் நிரப்பிய ஊர் வேப்பஞ்சேரி என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவள் கை நின்றது. ஸ்டெல்லா என்ன என்று கேட்டாள். திலகவதி ஒன்றுமில்லை என்று சொல்லி, துடைக்க வேண்டியதைத் துடைத்து முடித்து, கேனை உள்ளே நகர்த்தி வைத்து, கீழ்க்கதவைச் சாத்திவிட்டு எழுந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு ஸ்டெல்லா," என்றாள். "வாசக் கதவ மட்டும் இனிமே தாழ் போடாதீங்க. ஆளுங்க வருவாங்க."